அம்மாவுக்கு ஒரு கோச்

எப்படி நிற்க வேண்டும், எப்படி நடக்க வேண்டும், எப்படிக் கால் ஊன்ற வேண்டும் என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் பட்டாணியின் அம்மாவுக்கு வேலை. அப்படிப்பட்ட அம்மா ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், சொந்த வீட்டு மாடிப்படியிலேயே கால் தவறி விழுந்துவிட்டாள்.

ஒரு கையில் துவைத்த துண்டுகள் நிறைந்த வாளி. இன்னொரு கையில் போன். வாய் யாருக்கோ, "முதுகை நல்லா நிமிர்த்தி நடங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தது. கடைசி இரண்டு படிகளை ஒரே படி என்று நினைத்துக் கால் வைத்தாள். வாளி ஒரு பக்கம், போன் ஒரு பக்கம், அம்மா ஒரு பக்கம்.

பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்த பட்டாணி பாதி பின்னிய சடையோடு ஓடி வந்தாள்.

"ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள் அம்மா. ஆனால் எழுந்திருக்கவில்லை. அவளுடைய வலது கணுக்கால் அதற்குள் பன் மாதிரி வீங்க ஆரம்பித்திருந்தது.

மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். பிசியோதெரபி டாக்டர் ஒரு நெட்டையர். படத்தைத் தூக்கிப் பிடித்துப் பார்த்தார்; காலையும் அழுத்திப் பார்த்தார்.

"எலும்பு முறியலை. தசைநார் கொஞ்சம் கிழிஞ்சிருக்கு. ஒரு வாரம் இந்தக் காலைத் தரையில ஊன்றவே கூடாது. ஊன்றுகோல் வெச்சுத்தான் நடக்கணும். அப்புறம் இந்தத் தாள்ல இருக்கிற பயிற்சிகளைக் கொஞ்சம் கொஞ்சமா செய்யணும்."

"டாக்டர், என்கிட்ட பயிற்சி எடுக்கிற பொண்ணுக்கு இன்னும் இருபத்தாறு நாள்ல பந்தயம் இருக்கு. நான் மைதானத்துல இருக்கணும்."

"சொன்னதைச் செஞ்சா நீங்களே நடந்து போகலாம். செய்யலைன்னா வீட்டுல படுத்துக்கிட்டு போன்ல பார்க்கலாம். ரெண்டும் உங்க கையிலதான் இருக்கு."

"கையில இல்ல டாக்டர், கால்ல" என்றாள் பட்டாணி.

டாக்டர் சிரித்தார். பயிற்சித் தாளை அம்மாவிடம் கொடுக்காமல் பட்டாணியிடம் கொடுத்தார்.

பட்டாணிக்குப் பள்ளிப் பதிவேட்டில் நீளமான ஒரு பெயர் இருந்தது. அதை வகுப்பு டீச்சரைத் தவிர வேறு யாரும் சொல்வதில்லை. வயது பதினொன்று. உருவம் சின்னது, உருட்டி விட்டால் உருளுவாள் போல இருப்பாள். அதனால் பட்டாணி.

அவர்கள் வீடு இரண்டாவது மாடியில். அதற்குக் கீழே முதல் மாடியில் அம்மாவின் பயிற்சி அறை. அதற்கும் கீழே சைக்கிள் பழுது பார்க்கும் கடை. அப்பா லாரி ஓட்டுகிறார். கிளம்பினால் திரும்பி வர ஒரு மாதம்கூட ஆகும். அதனால் பட்டாணி பள்ளி விட்டதும் பயிற்சி அறை மூலையில் ஒரு சின்ன மேசை போட்டு வீட்டுப்பாடம் எழுதுவாள். எழுதுவது ஒரு பங்கு, வேடிக்கை பார்ப்பது மூன்று பங்கு.

மாலையில் மூன்று பேர் தவறாமல் வருவார்கள்.

முதலில் வருபவர் நூலகர். ஐம்பது வயதாகிறது. பயிற்சி என்று வாழ்க்கையில் எதுவும் செய்தது கிடையாது. முதல் நாள் தோல் செருப்பும் இஸ்திரி போட்ட சட்டையுமாக வந்து, சுவர்க் கண்ணாடிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அம்மா அவரை நாற்காலியில் உட்கார வைத்து எழுந்திருக்கச் சொன்னாள். அப்படி ஐந்து தடவை.

"அவ்வளவுதானா?" என்று கேட்டார் அவர்.

"அவ்வளவுதான் சார். நாளைக்கும் வந்துட்டீங்கன்னா, அதுதான் பெரிய பயிற்சி" என்றாள் அம்மா.

அடுத்தவர் பஸ் டிரைவர் மாமா. பஸ் படியிலிருந்து விழுந்ததில் தோள் அடிபட்டுவிட்டது. வலது கை தோளுக்கு மேலே எழும்பவே எழும்பாது. அம்மா அவரைச் சுவர் ஓரம் நிறுத்தி, விரல்களால் சிலந்தி மாதிரி சுவரில் ஏறச் சொல்வாள். எவ்வளவு உயரம் ஏறியதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு. ஒவ்வொரு தடவையும், "வலி பத்துக்கு எத்தனை?" என்று கேட்பாள். மூன்று வரைக்கும் செய்யலாம். நான்கு என்றால் நிதானம். ஐந்து என்றால் நிறுத்தம்.

கடைசியில் வருபவள் ஓட்டக்காரி அக்கா. பத்தொன்பது வயது. எண்ணூறு மீட்டர் பந்தயம் ஓடுவாள். அம்மாவை கோச் என்றுதான் கூப்பிடுவாள். அவளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் அம்மாவுக்கு ஒரே ஒரு கஷ்டம்தான். போதும் என்றால் அக்காவுக்குக் காது கேட்காது.

"உன்னை ஓட வைக்க நான் தேவையில்ல. உன்னை நிறுத்தத்தான் நான் தேவை" என்பாள் அம்மா.

ஆனால் அம்மாவை நிறுத்த யார்?

முதல் நாளே ஊன்றுகோல்களைச் சுவரில் சாய்த்துவிட்டு, ஒற்றைக் காலால் நொண்டியடித்துச் சமையலறைக்குப் போனாள். இரண்டாம் நாள் டாக்டர் கொடுத்த தாளை டீத்தூள் டப்பாவுக்கு அடியில் வைத்தாள். மூன்றாம் நாள் பயிற்சி அறைக்கே இறங்கிவிட்டாள். படியில் உட்கார்ந்து உட்கார்ந்து, குழந்தை மாதிரி இறங்கினாள்.

"ஊருக்குத்தான் உபதேசமா, டீச்சர்?" என்று கேட்டார் டிரைவர் மாமா. அவர் அம்மாவை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்.

"நீங்க சுவரைப் பாருங்க" என்றாள் அம்மா.

அன்று மாலை அப்பா போனில் பேசினார். பட்டாணி எல்லாவற்றையும் ஒப்பித்தாள்.

"உங்கம்மாவை உட்கார வைக்கிறதும், ஓடுற ரயிலைக் கையைக் காட்டி நிறுத்துறதும் ஒண்ணுதான்" என்றார் அப்பா. "ஆனா நீ விடாதே. நீயும் அவ பொண்ணுதானே?"

பட்டாணி யோசித்தாள். அம்மாவிடம் ஒரு தடித்த நோட்டு உண்டு. பயிற்சிக்கு வரும் ஒவ்வொருவருக்கும் அதில் தனித்தனிப் பக்கம். ஆள் எப்படி, எதற்குப் பயம், இன்று என்ன செய்தார் என்றெல்லாம் அம்மா எழுதி வைப்பாள். பட்டாணி தன் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, மேலே 'அம்மா' என்று எழுதினாள். அதற்குக் கீழே, 'ஆள் எப்படி?' என்று எழுதிவிட்டுப் பென்சிலைக் கடித்தாள்.

அம்மாவுக்கு இதற்கு முன்னால் அடிபட்டதே இல்லை. சும்மா உட்காருவது அவளுக்குத் தெரியாத வேலை. அந்த வகையில் பார்த்தால் நூலகர் மாதிரி, புதுசு. கால் வீங்கியிருக்கிறது. அந்த வகையில் டிரைவர் மாமா மாதிரி. போதும் என்றால் காது கேட்காது. அது அப்படியே ஓட்டக்காரி அக்கா.

'மூன்று பேரும் ஒரே ஆள்' என்று எழுதினாள் பட்டாணி. எழுதியதைப் பார்த்ததும் அவளுக்கே கொஞ்சம் மலைப்பாக இருந்தது.

அடுத்த நாள் பள்ளியிலிருந்து வந்ததும் டீத்தூள் டப்பாவைத் தூக்கித் தாளை எடுத்தாள். நாற்காலியைப் போட்டாள். எதிரே ஒரு முக்காலி, அதன்மேல் தலையணை.

"அம்மா, உட்காரு. காலைத் தலையணை மேல வை."

"எனக்கு வேலை இருக்குடி."

"ஒரே ஒரு பயிற்சிதான். கட்டை விரலால காத்துல எழுத்து எழுதணும். டாக்டர் தாள்ல இருக்கு. 'அ'விலிருந்து 'ஃ' வரைக்கும். வெறும் பதிமூணு எழுத்து."

"அவ்வளவுதானா?" என்றாள் அம்மா, நூலகர் கேட்டது போலவே.

'அ' வருவதற்குள் அம்மாவின் நெற்றி சுருங்கியது. 'ஆ'வின் சுழியைக் கொண்டுபோய் முடிப்பதற்குள் உதட்டைக் கடித்தாள். 'இ' எழுதும்போது கால் பாதியில் நின்றுவிட்டது.

"இந்த 'இ'யைக் கண்டுபிடிச்சவருக்குக் கணுக்கால் சுளுக்கினதே இல்ல போலிருக்கு."

"வலி பத்துக்கு எத்தனை?"

"ரெண்டு."

பட்டாணி அம்மாவின் புருவத்தைப் பார்த்தாள். டிரைவர் மாமா பொய் சொன்னால் மீசையைத் தடவுவார். அம்மாவுக்கு இடது புருவம் மட்டும் மேலே போகும்.

"புருவம் நாலுன்னு சொல்லுது. சின்னதா எழுது. போதும், இன்னிக்கு 'ஈ'யோட நிறுத்திக்கலாம். அதுல சுழியே இல்ல, கோடும் ரெண்டு புள்ளியும்தான்."

அம்மா மகளை ஒரு தினுசாகப் பார்த்தாள். ஆனால் எழுதினாள். ஆறாம் நாள் 'ஔ' வரைக்கும் வந்தது. ஏழாம் நாள் 'ஃ'. மூன்று குத்து. அதோடு வாரமும் முடிந்தது. காலை மெதுவாகத் தரையில் ஊன்றலாம், ஒரு ஊன்றுகோலோடு நடக்கலாம் என்றார் நெட்டை டாக்டர்.

பட்டாணிக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்தப் பெருமை சரியாக இரண்டு நாள் நீடித்தது.

ஒன்பதாம் நாள் அவள் பள்ளியிலிருந்து வந்து மாடிப்படி ஏறும்போது, மேலே 'தொம்' என்று ஒரு சத்தம். தொடர்ந்து, அன்று சீக்கிரமே வந்திருந்த ஓட்டக்காரி அக்காவின் குரல்: "ஐயோ, கோச்!"

கதவைத் திறந்தால், குட்டை பெஞ்சுக்குப் பக்கத்தில் அம்மா தரையில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு கைகளும் கணுக்காலைப் பிடித்திருந்தன. ஊன்றுகோல் அறையின் மறு கோடியில் கிடந்தது.

"எப்படிக் குதிச்சு இறங்கணும்னு காட்டினாங்க" என்றாள் அக்கா, அழுகிற மாதிரி. "நான் வேண்டாம்னுதான் சொன்னேன்."

பட்டாணி ஐஸ் கட்டிகளைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தாள். பிறகு கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைக் கிழிக்கப் போனாள். மூலையில் கொஞ்சம் கிழிந்தும் விட்டது. வெளியே மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. கஷ்டப்பட்டு 'ஃ' வரைக்கும் கொண்டுவந்து, மறுபடியும் 'அ'விலிருந்தா?

போய் நன்றாகக் கத்திவிட வேண்டும் போல இருந்தது. 'உனக்குப் புத்தி இருக்கா?' என்று கேட்க வேண்டும் போல இருந்தது.

அப்போதுதான் ஒரு நாள் நடந்தது ஞாபகம் வந்தது. டிரைவர் மாமா, கை கொஞ்சம் குணமானதும் நிறைந்த காஸ் சிலிண்டரைத் தூக்கி, ஒரு மாத உழைப்பைப் பாழாக்கிவிட்டு வந்து நின்றார். அம்மா திட்டப்போகிறாள் என்று பட்டாணி காத்திருந்தாள். அம்மா திட்டவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

பட்டாணி கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். அக்கா கிளம்பியிருந்தாள். அம்மாவின் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தாள்.

"எதுக்கும்மா இவ்வளவு அவசரம்?"

அம்மா ஐஸ் துணியைத் திருப்பித் திருப்பி வைத்தாள்.

"உட்கார்ந்திருக்கிற கோச்சுகிட்ட யாருடி வருவாங்க? பந்தயத்துக்கு இன்னும் பதினேழு நாள்தான். நான்தான் அவகூட ஓடுவேன். நான்தான் குதிச்சுக் காட்டுவேன். சும்மா நாற்காலியில உட்கார்ந்துகிட்டு அதைச் செய், இதைச் செய்யின்னா, எனக்கே என்னைப் பிடிக்கலை. எதுக்கும் உதவாத ஆள் மாதிரி இருக்கு."

அம்மா பயந்து பட்டாணி பார்த்ததே இல்லை. அம்மாவுக்கும் பயம் வரும் என்பதே அவளுக்குப் புதிய செய்தி.

"அக்கா உன் காலுக்காகவா வர்றாங்க?" என்று கேட்டாள். "அவங்க கால் உன் காலைவிட வேகம். உன் கண்ணுக்கும் வாய்க்கும்தானே எல்லாரும் வர்றாங்க? அந்த ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?"

அம்மா ஐஸ் துணியைக் கீழே வைத்தாள்.

"நாளைக்கு ஒரு நாள் மட்டும்" என்றாள் பட்டாணி. "நீ உட்கார்ந்தே சொல்லு. எழுந்திருக்கக் கூடாது. செஞ்சு காட்டுறதுக்கு ஆள் நான் பார்த்துக்கிறேன். அது சரியா வரலைன்னா அப்புறம் நான் வாயே திறக்க மாட்டேன்."

"ஒரு நாள்" என்றாள் அம்மா.

மறுநாள் காலையில் டாக்டரிடம் போனார்கள். "மூணு நாள் பின்னாடி போயிட்டீங்க. மூணோட போச்சேன்னு சந்தோஷப்படுங்க" என்றார் அவர். சாயங்காலம் அறையின் நடுவில் பட்டாணி ஒரு குட்டை ஸ்டூலைப் போட்டாள். சைக்கிள் கடையில் கடன் வாங்கி வந்தது. அதில் உட்கார்ந்து சக்கரம் மாட்டுவார்கள்.

அன்றைக்கு நடந்த கூத்தைச் சொல்லி முடியாது.

மூன்று பேரையும் ஒரே நேரத்தில் வரச் சொல்லியிருந்தாள் பட்டாணி. டிரைவர் மாமாவுக்கு நூலகர் செய்து காட்ட வேண்டும். நூலகருக்கு ஓட்டக்காரி அக்கா செய்து காட்ட வேண்டும். எண்ணுவது டிரைவர் மாமா. அவர் பஸ்ஸில் கண்டக்டர் கூப்பிடுகிற குரலிலேயே எண்ணினார்.

"ஏறு, ஏறு, இறங்கு! இன்னும் ஒரு ஆள் உட்காரலாம், உட்காரு! ரைட், எழுந்திரு!"

நூலகர் சிரிப்பை அடக்க முடியாமல் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டார். "கொஞ்சம் சத்தத்தைக் குறைங்க. நான் நாள் முழுக்க 'அமைதி'ன்னு எழுதின பலகைக்குக் கீழே உட்கார்றவன்" என்றார். அன்று அவர் பன்னிரண்டு தடவை எழுந்து உட்கார்ந்தார். பன்னிரண்டாவது தடவை கண்ணாடியைப் பார்த்தபடி நின்றார். அதை அவர் கவனிக்கவில்லை. அம்மா கவனித்தாள்.

பிறகு ஓட்டக்காரி அக்காவின் முறை. நின்ற இடத்திலேயே முழங்காலைத் தூக்கித் தூக்கி ஓட வேண்டும். அம்மா வழக்கமாகப் பக்கத்தில் நின்று கூடவே ஓடுவாள். இன்று குட்டை ஸ்டூலில். அக்காவின் பாதங்கள் அம்மாவின் கண்ணுக்கு நேர் எதிரே வந்து வந்து போயின.

அம்மா முன்னால் சாய்ந்தாள். கண் சுருங்கியது.

"நிறுத்து. இடது காலை ஏன் பயந்து பயந்து வைக்கிற?"

"இல்லையே, கோச்."

"வலது காலைத் தட்டுன்னு வைக்கிற. இடது காலைத் தண்ணியில வைக்கிற மாதிரி வைக்கிற. வலி எத்தனை?"

"ரெண்டு" என்றாள் அக்கா.

"எங்கம்மாவும் இப்படித்தான் ரெண்டு ரெண்டுன்னாங்க" என்றாள் பட்டாணி. "கடைசியில பார்த்தா புருவம் ஒண்ணு சொல்லுது, வாய் ஒண்ணு சொல்லுது."

டிரைவர் மாமா எண்ணுவதை நிறுத்தினார்.

அக்கா பாயில் உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே எலும்பு ஓரமாகத் தொட்டுக் காட்டினாள். "ரெண்டு வாரமா இருக்கு, கோச். ஓடும்போது அஞ்சு. படி ஏறினா ஆறு. சொன்னா ஓடாதேன்னுடுவீங்க. பந்தயம் வந்துடுச்சே."

"நான் உன்கூடவே ஓடியிருக்கேன். எனக்குத் தெரியவே இல்லையே" என்றாள் அம்மா மெதுவாக. "நின்னுக்கிட்டு உன் முகத்தைத்தான் பார்த்திருக்கேன்."

பிறகு நிமிர்ந்தாள். குரல் பழைய கோச்சின் குரலாகிவிட்டது. "நாளைக்கே டாக்டர்கிட்ட காட்டணும். அவர் சொல்ற வரைக்கும் ஓட்டம் கிடையாது. நீச்சலும் சைக்கிளும் அவர் சரின்னா செய்யலாம்."

"என்னால உட்கார முடியாது, கோச்!" என்றாள் அக்கா. "நீங்க உட்கார்ந்தீங்களா?"

அம்மா தன் வீங்கின காலைப் பார்த்தாள். அப்புறம் அக்காவைப் பார்த்தாள்.

"உட்காரலை. தப்புதான். ஆனா இப்ப உட்கார்ந்திருக்கேன் பார். இனிமே உட்காரச் சொன்னா உட்காருவேன். நீயும் உட்காரு. யார் முதல்ல ஏமாத்துறாங்கன்னு பட்டாணி பார்த்துக்கட்டும்."

அன்று மாலை கணக்கு நோட்டில் கிழிந்த மூலையை ஒட்டி, பக்கத்துப் பக்கத்தில் அக்காவின் பெயரையும் எழுதினாள் பட்டாணி.

"நல்லவேளை, இப்பவே வந்தீங்க" என்றார் டாக்டர் மறுநாள், அக்காவின் காலை அழுத்திப் பார்த்துவிட்டு. "இப்படியே ஓடியிருந்தா எலும்புல விரிசல் விட்டிருக்கும். நாலு நாள் ஓட்டம் வேண்டாம். அப்புறம் வலி இல்லைன்னா மட்டும் கொஞ்சம் கொஞ்சமா."

அந்த நான்கு நாட்களும் லேசில் போகவில்லை. அக்கா நீச்சல் குளத்திலிருந்து வந்து, ஈரத் தலையோடு ஜன்னல் வழியே சாலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து, காலால் 'இ' எழுதிக்கொண்டிருப்பாள். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பெருமூச்சு விடுவார்கள்.

ஐந்தாம் நாள் அக்கா ஒரு சுற்று மட்டும் மெதுவாக ஓடினாள். வலி ஒன்று. அடுத்த நாள் இரண்டு சுற்று.

அம்மா இரண்டு காலிலும் நின்றாள். பிறகு நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு வலது காலில் மட்டும். முதல் நாள் நான்கு விநாடி. பட்டாணி கடிகாரத்தைப் பார்த்து எண்ணினாள். மூன்றாம் நாள் பதினொன்று. ஒரு நாள் பதினெட்டு வந்துவிட்டு மறுநாள் ஒன்பதுக்கு இறங்கியது. அம்மாவின் முகம் தொங்கியது.

"டிரைவர் மாமா கோடுகூட ஒரு வாரம் கீழே இறங்கிச்சு. நீதானே அவருக்குச் சொன்னே, அது பின்னாடி போறது இல்ல, மூச்சு வாங்குறதுன்னு?" என்றாள் பட்டாணி.

"நான் சொன்னதை எல்லாம் நீ கேட்டுக்கிட்டா இருந்தே? வீட்டுப்பாடம் எழுதுறேன்னு நினைச்சேனே."

"அதையும் எழுதினேன்" என்றாள் பட்டாணி அவசரமாக. பேச்சு மதிப்பெண் பக்கம் போய்விடக் கூடாது.

பந்தயத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது முப்பது விநாடி வந்தது. நாற்காலியைப் பிடிக்காமல். அப்புறம் படி. ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது அடிபட்ட கால் முதலில் என்பது டாக்டர் சொல்லிக்கொடுத்த வழி. பட்டாணி முன்னால் நின்று கையை நீட்டுவாள். அம்மா கையைப் பிடிக்க மாட்டாள். ஆனால் கை அங்கே இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வாள்.

பந்தய நாள் வந்தது.

மைதானத்தில் உட்காரும் இடம் மேலே இருந்தது. ஐம்பத்திரண்டு கல் படிகள். கைப்பிடி கிடையாது. டிரைவர் மாமா விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருந்தார். நூலகர் முதன்முதலாக வாங்கிய ஓட்டக் காலணியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தார். அதில் விலைச் சீட்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"தூக்கிட்டுப் போகட்டுமா, டீச்சர்? ஒரு கை இப்ப நல்லாத்தான் இருக்கு" என்றார் டிரைவர் மாமா.

"நகருங்க" என்றாள் அம்மா.

நல்ல கால். அடிபட்ட கால். நல்ல கால். பட்டாணி ஒரு படி பின்னால் ஏறினாள். இருபதாவது படியில் அம்மா நின்றாள். வேர்த்துக் கொட்டியது.

"எத்தனை?"

"மூணு." புருவம் அசையவில்லை.

"அப்ப ஒரு நிமிஷம் நின்னுட்டுப் போகலாம். பந்தயத்துக்கு இன்னும் நேரம் இருக்கு."

நின்றார்கள். பின்னால் வந்தவர்கள் சுற்றிக்கொண்டு போனார்கள். அம்மா யாரையும் முந்தவில்லை. ஐம்பத்திரண்டாவது படியில் கால் வைத்தபோது நூலகர் கைதட்டினார். அப்புறம் எல்லாரும் திரும்பிப் பார்க்கவே வெட்கப்பட்டுக் கையைப் பையில் போட்டுக்கொண்டார்.

எண்ணூறு மீட்டர் என்றால் மைதானத்தை இரண்டு சுற்று. எட்டுப் பேர் ஓடினார்கள். முதல் இரண்டு இடத்துக்கு வருகிறவர்கள்தான் அடுத்த போட்டிக்குப் போக முடியும். துப்பாக்கி வெடித்ததும் ஆறு பேர் பாய்ந்தார்கள். அக்கா கடைசிக்கு முந்தின ஆளாகப் போனாள்.

"என்ன இது, பின்னாடி போகுது?" என்று பதறினார் டிரைவர் மாமா.

"முதல் சுற்றுல அவசரம் வேண்டாம்னு நான்தான் சொன்னேன்" என்றாள் அம்மா. ஆனால் அவள் விரல்கள் பட்டாணியின் தோளை இறுக்கின.

முதல் சுற்று முடியும்போது அக்கா ஆறாவது. கடைசிச் சுற்றுக்கு மணி அடித்தது. வளைவில் ஐந்தாவது. நேர் பாதையில் நான்காவது. இடது பாதம் தட்டு, வலது பாதம் தட்டு, இரண்டும் ஒரே மாதிரி விழுந்துகொண்டிருந்தன. கடைசி வளைவில் மூன்றாவது ஆள் தளர்ந்தாள். அக்கா தளரவில்லை. நூலகர் தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாக வாய்விட்டுக் கத்தினார். கோட்டுக்கு இரண்டு அடி இருக்கும்போது அக்கா இன்னொருத்தியைத் தாண்டினாள்.

இரண்டாவது!

அம்மா எழுந்தாள். எழுந்த வேகத்தைப் பார்த்ததுமே பட்டாணிக்குப் புரிந்துவிட்டது. அம்மாவின் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தாள்.

"ஓடாதே. நட!"

அம்மா ஒரு விநாடி கண்ணை மூடித் திறந்தாள். பிறகு அடிபட்ட காலை முதலில் எடுத்து, கீழ்ப்படியில் வைத்தாள்.

அதற்குள் ஒலிபெருக்கி அழைக்க ஆரம்பித்துவிட்டது. "வெற்றி பெற்றவர்கள் மேடைக்கு வரவும்." முதலிடமும் மூன்றாமிடமும் மேடைக்குப் போய்விட்டன. மேடையில் இரண்டாம் இடத்துக்கான படி மட்டும் காலி. "இரண்டாம் இடம் பெற்றவர் உடனே மேடைக்கு வரவும்." சட்டையில் அட்டை குத்திய ஒருவர் ஓடி வந்து அக்காவின் கையைப் பிடித்து இழுத்தார். அக்கா வேலி ஓரத்திலிருந்து நகரவில்லை.

"எங்க கோச் வந்துட்டிருக்காங்க. அவங்க வந்ததும் வர்றேன்."

"எங்க?"

"அதோ, படியில."

அவரும் திரும்பிப் பார்த்தார். ஐம்பத்திரண்டு படிகளையும் ஒவ்வொன்றாக இறங்கி, புல்தரையில் அம்மா நடந்து வந்தாள். ஊன்றுகோல் இல்லை. நொண்டல் இல்லை. பட்டாணி பக்கத்திலேயே வந்தாள், ஆனால் தொடவில்லை. தொட வேண்டிய அவசியம் இல்லை.

அக்கா வேலிக்கு மேலாகக் குனிந்து அம்மாவைக் கட்டிக்கொண்டாள்.

"முதல் சுற்றுல தோளை ரொம்ப இறுக்கிட்ட" என்றாள் அம்மா. சொல்லிக்கொண்டே அக்காவின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள்.

அக்கா அழுகையும் சிரிப்புமாக மேடையைப் பார்த்து ஓடினாள். டிரைவர் மாமா வலது கையைத் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினார். தூக்கியது அவருக்கே பிறகுதான் தெரிந்தது.

காலையிலிருந்து தான் எதுவும் சாப்பிடவில்லை என்று பட்டாணிக்கு அப்போதுதான் உறைத்தது. பையைத் திறந்தாள். வீட்டிலிருந்து எடுத்து வந்த ரொட்டி அப்படியே இருந்தது. புல்தரையில் கால் நீட்டி உட்கார்ந்து, நான்கே வாயில் அதைத் தின்று முடித்தாள்.